முனையில்லாக் கம்பி

திருவாரூர் மாவட்டம் நன்னிலம் பக்கத்துத் தெருக்களில் மார்கழி மாதம் விடியும் முன்பே வாசல்கள் விழித்துக்கொள்ளும். வயலில் சம்பாக் கதிர் முற்றிக்கொண்டிருக்கும், பனி இறங்கிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டில் சாணம் தெளிக்கும் சத்தம் கேட்டுத்தான் பல வீடுகளில் கதவே திறக்கும். அடுத்த அரை மணி நேரத்தில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெள்ளைக் கோடுகள் ஓடிவிடும். இதற்காக யாரும் கூட்டம் போடுவதில்லை, வசூல் செய்வதில்லை, பொறுப்பாளரை நியமிப்பதில்லை. ஆனாலும் ஒரு தெருவே சேர்ந்து செய்யும் வேலை இது. உணவு, ஓவியம், வடிவமைப்பு மூன்றையும் ஊர்மக்களைக் கொண்டு ஒன்றுசேர்க்க உலகின் பல நகரங்களில் இன்று தனித் திட்டங்களே தீட்டுகிறார்கள். காவிரி டெல்டாவில் அது தினசரி நடக்கிறது, ஒரு கைப்பிடி அரிசிமாவுக்குள்.

அந்தக் கைப்பிடிக்குள் எவ்வளவு அடைந்து கிடக்கிறது என்று பார்க்க, முதலில் நெல்லிலிருந்து தொடங்குவோம்.

நூறு கிலோ நெல்லை அரைத்தால் இருபது கிலோவுக்கு மேல் உமியாகப் போகும். தவிடும் போக, அறுபத்தைந்து முதல் எழுபது கிலோ வரை அரிசி நிற்கும். அதிலும் எல்லாம் முழு அரிசி அல்ல. பகலில் களத்திலும் சாலையோரத்திலும் காய்ந்த நெல் இரவுப் பனியில் ஈரத்தை மறுபடி உறிஞ்சும். மணியின் மேற்பகுதி உப்பும்போது உட்பகுதி காய்ந்தபடியே இருக்கும். இந்த இழுபறியில் உள்ளே மயிரிழை விரிசல் விழும். வெளியே உமி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஆலையில் தேய்க்கும்போது அந்த விரிசலில்தான் அரிசி ஒடியும். அப்படி உடைந்ததுதான் குருணை, இன்னும் பொடிந்தால் நொய். சோற்றுக்கு ஆகாத இந்த நொய்யும், கொழுக்கட்டைக்கு இடித்துச் சலித்த பின் சல்லடையில் நிற்கும் கப்பியும் கோலத்துக்கு வந்து சேரும். அடுப்புக்குப் போவதும் வாசலுக்குப் போவதும் ஒரே மூட்டையிலிருந்துதான்.

அரிசிக்குள் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. செடி தன் விதைக்குச் சேமித்து வைக்கும் சர்க்கரைச் சங்கிலி அது, நுண்மணிகளாகத் திரண்டிருக்கும். உருளைக்கிழங்கில் இந்த நுண்மணிகள் பெரியவை, சில ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரை வளரும். அரிசியினுடையவை தானியங்களிலேயே மிகச் சிறியவற்றில் சேரும். ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் மூன்று முதல் எட்டுப் பங்கு. ஒரு தலைமுடியின் அகலத்தில் இவற்றைப் பத்துக்கு மேல் வரிசையாக நிறுத்தலாம். கணக்குப் போட்டால் ஒரே ஓர் அரிசிக்குள் ஏறக்குறைய இருபது கோடி நுண்மணிகள். மாக்கோலத்தின் இழை அவ்வளவு சன்னமாகவும் ஓரம் பிசிறாமலும் விழுவதற்கு இந்தப் பொடித்தன்மை ஒரு முக்கியக் காரணம்.

மாக்கோலம் போடுவதைக் கிட்டே இருந்து பாருங்கள். பச்சரிசியை ஊறவைத்து வெண்ணெயாக அரைத்து நீர்க்கக் கரைத்திருப்பார்கள். ஊறிய அரிசி மெத்தென்று இருப்பதால் நுண்மணிகள் அதிகம் நசுங்காமல் முழுசு முழுசாகப் பிரிந்து வரும். சிறு துணித்துண்டை அதில் நனைத்துக் கைக்குள் அடக்கி, கட்டைவிரலால் மெல்ல அழுத்த, மோதிரவிரல் நுனி வழியாக மாவுநீர் இழையாக இறங்கும். அழுத்தம் கூடினால் இழை தடிக்கும், குறைந்தால் அறும். நடுநடுவே பாத்திரத்தைக் கலக்கிவிட வேண்டும். பச்சை மாவுச்சத்து குளிர்ந்த நீரில் கரையாது, சும்மா விட்டால் அடியில் தங்கிவிடும்.

போட்டவுடன் அந்த இழை மங்கலாக, பல இடங்களில் கண்ணுக்கே தெரியாதபடி இருக்கும். பழகிய கை அதைப் பொருட்படுத்தாமல் போய்க்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் காய்ந்ததும் கோலம் பளீரென்று எழுந்து வரும். மாவு அதேதான், அளவும் அதேதான். பிறகு இந்த வெண்மை எங்கிருந்து வந்தது?

ஒரு பொருளுக்குள் ஒளியின் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதைச் சொல்லும் அளவு ஒளிவிலகல் எண். காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, மாவுச்சத்துக்கு ஏறக்குறைய 1.5. இரண்டு பொருள்களுக்கு இடையே இந்த எண் எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவுக்கு அவற்றின் எல்லையில் ஒளி சிதறும். ஈரமாக இருக்கும்போது நுண்மணிகளுக்கு நடுவே தண்ணீர், வேறுபாடு குறைவு. ஒளி பெரிய தடையின்றி ஊடுருவித் தரையின் நிறத்தையே காட்டிவிடும். தண்ணீர் ஆவியாகி அந்த இடத்தில் காற்று புகுந்ததும் வேறுபாடு இரண்டு மடங்குக்கு மேல் தாவும். கோடிக்கணக்கான எல்லைகளில் எல்லா நிறமும் ஒன்றுபோலச் சிதற, நமக்கு வெள்ளை தெரியும். சாயம் என்று எதுவுமே அதில் இல்லை.

இதே மாவை அடுப்பில் ஏற்றினால் கதையே வேறு. எழுபது டிகிரியை ஒட்டிய சூட்டில் நுண்மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பி உருக்குலையும். ஒளி சிதற எல்லைகளே இல்லாமல் போகும். கொழுக்கட்டையின் மேல்மாவு வெந்ததும் பூரணத்தின் நிறம் மங்கலாகத் தெரிவதும் அதனால்தான். பச்சையாக இருந்தால் வெள்ளை மை, வெந்தால் கண்ணாடித் திரை. இரண்டையும் பெண்கள் ஒரே காலைப்பொழுதில், ஒரே அரிசியிலிருந்து எடுக்கிறார்கள்.

உலர்மாவுக் கோலத்தின் சூட்சுமம் வேறு. மாவு மிக நைசாக இருந்தால் கோடு விழாது, கட்டி கட்டியாக உதிரும். ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே துகள் சிறுத்துக்கொண்டே போனால் அதன் எடை மிக வேகமாகக் குறையும். துகளுக்குத் துகள் உள்ள ஒட்டுவிசையோ அவ்வளவு வேகமாகக் குறையாது. ஓர் அளவுக்குப் பின் ஒட்டு வென்றுவிடும். அதனால்தான் கோலத்துக்குச் சற்றுக் கொரகொரப்பாக அரைப்பது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒரு சிட்டிகை. இரண்டையும் இலேசாக உரசும்போது துகள்கள் நழுவி, ஒரே கனத்தில், நின்று நிதானமாக இறங்கும். தரைக்கும் விரலுக்கும் உள்ள தூரம் கூடினால் கோடு பரவும். குனிந்த முதுகு சொல்லும் சேதி அதுதான்: உயரம் மாறக்கூடாது.

அடுத்து புள்ளி. ஒரு பெண் இன்னொருத்திக்குக் கோலத்தைச் சொல்லும்போது, “பதினஞ்சு புள்ளி, எட்டு வரைக்கும், இடைப்புள்ளி” என்பாள். அவ்வளவுதான். கேட்டவள் வீட்டுக்குப் போய் 169 புள்ளிகளைத் துல்லியமாக வைத்துவிடுவாள். நடு வரிசையில் பதினைந்து, அதன் மேலும் கீழும் பதினான்கு, பதின்மூன்று என்று குறைந்து எட்டில் நிற்க வேண்டும். ஒவ்வொரு வரிசையின் புள்ளியும் முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் விழ வேண்டும். விழுந்தால் ஒரு சீரான அறுகோணம் கிடைக்கும். நேர்ப்புள்ளி என்றால் புள்ளிக்கு நேர் கீழே புள்ளி, சதுரக் கட்டம். 169 இடங்களின் அமைப்பை இரண்டு எண்ணிலும் ஒரு சொல்லிலும் சுருக்கிவிடும் இந்தச் சுருக்கெழுத்தைக் கணினித் துறை வியந்து பார்க்க வேண்டும். எத்தனையோ வீட்டுக் கோல நோட்டுகளில் இது பென்சிலால் எழுதிக் கிடக்கிறது.

இனி அசல் அற்புதம், கம்பி. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளிகளைத் தொடாது, அவற்றைச் சுற்றிச் சுற்றிப் போகும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் தன்னையே குறுக்காக வெட்டிக் கடக்கும். ஓரத்துக்குப் போனதும் வளைந்து திரும்பும். எங்கே தொடங்கியதோ அங்கேயே வந்து மூடிக்கொள்ளும். தெருவில் மதிப்பு யாருக்கு என்றால், மொத்தக் கோலத்தையும் ஒரே கம்பியில் முடித்தவளுக்கு.

எந்தப் புள்ளி வரிசை ஒரே கம்பியில் முடியும், எது முடியாது? கையில் ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே 3, நெடுக்கே 4 என்று நேர்ப்புள்ளி வைத்துச் சுற்றுங்கள். ஒரே கம்பி. அடுத்து 4க்கு 4 வையுங்கள். எங்கே தொடங்கினாலும் நான்கு தனித்தனிக் கம்பிகள் வரும். 5க்கு 7 ஒன்று, 6க்கு 8 இரண்டு, 6க்கு 9 மூன்று. பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொதுக் காரணி என்று படித்திருப்போம், இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எண்களில் பெரியது. விலகலே இல்லாமல் எல்லா இடத்திலும் வெட்டிக் கடக்கும் கோலத்தில் கம்பிகளின் எண்ணிக்கை எப்போதும் அதுதான்.

ஏன் அப்படி? கேரம் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கட்டம், எல்லாக் கட்டங்களையும் சுற்றி மரச்சட்டம். மேல் சட்டத்தில் ஒரு கட்டத்தின் நடுவிலிருந்து ஒரு காயைச் சரியாக மூலைவாட்டில் சுண்டினால், அது சட்டத்தில் மோதி மோதித் திரும்பும் பாதைதான் சிக்குக் கோலத்தின் கம்பி. 3க்கு 4 பலகையில் காய் இடவலமாகப் போய்த் திரும்ப 6 அடி வேண்டும், மேலும் கீழுமாகப் போய்த் திரும்ப 8 அடி. இரண்டும் ஒரே நேரத்தில் தொடக்க நிலைக்கு வருவது 24ஆவது அடியில்தான். அதற்குள் காய் இடப்பக்கச் சட்டத்தை நான்கு முறை தொட்டிருக்கும். அங்கே இருப்பதே நான்கு இடம். மேல் சட்டத்தை மூன்று முறை தொட்டிருக்கும், அங்கே இருப்பது மூன்று. மிச்சம் எதுவும் இல்லை. 4க்கு 4 பலகையிலோ இடவலமும் 8, மேல்கீழும் 8. எட்டாவது அடியிலேயே காய் வீடு திரும்பிவிடும். ஒவ்வொரு சட்டத்திலும் ஓர் இடத்தைத்தான் தொட்டிருக்கும், மீதி மும்மூன்று இடங்களுக்கு இன்னும் மூன்று கம்பி வேண்டும்.

கை எடுக்காமல் வரைவது என்றதும் கணிதம் படித்தவர்களுக்கு ஆய்லர் நினைவுக்கு வருவார். கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களை ஒவ்வொன்றையும் ஒரே முறை கடந்து உலா வர முடியுமா என்ற கேள்விக்கு 1736இல் முடியாது என்று நிறுவியவர். அவர் விதிப்படி, ஒவ்வொரு சந்தியிலும் இரட்டைப்படை எண்ணிக்கையில் வழிகள் சேர்ந்தால் போதும். சிக்குக் கோலத்தில் ஒவ்வொரு வெட்டுமிடத்திலும் நான்கு வழி. ஆகவே ஆய்லருக்கு 4க்கு 4 கோலமும் சுலபம்தான், சந்தியில் சட்டென்று திரும்பிக்கொள்ளலாம். நம் வாசலில் அதற்கு அனுமதி இல்லை. வெட்டுமிடத்தில் நேராகத்தான் போக வேண்டும். ஆய்லர் போட்ட நிபந்தனையைவிட இது கடுமையானது.

அப்படியானால் 4க்கு 4 ஒரே கம்பியில் ஆகவே ஆகாதா? ஆகும், அங்கேதான் கோலக்காரியின் புத்தி வேலை செய்கிறது. இரண்டு வேறு கம்பிகள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தில், வெட்டாமல் விலகி அவரவர் புள்ளியை ஒட்டித் திரும்பிவிடச் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இந்தக் கம்பியின் முனை அந்தக் கம்பியில் போய்ச் சேர்ந்துகொள்கிறது. நான்கு கம்பியை ஒன்றாக்க மூன்று விலகல் போதும். மேல் வரிசையின் நான்கு புள்ளிகளுக்கு நடுவே மூன்று இடைவெளிகள் உண்டல்லவா, அந்த மூன்றிலும் வெட்டாமல் விலகிப் பாருங்கள். பதினாறு புள்ளியும் ஒரே கம்பிக்குள் வந்துவிடும்.

ஆனால் கோலம் கோணலாகிவிடும். மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்றுபோல இருக்க வேண்டுமானால் மாற்றங்கள் நான்கு நான்காக வர வேண்டும். ஒரே கம்பியாக மூன்று மாற்றம் தேவை, நாற்புறச் சமச்சீருக்கு நான்கு. இந்த இழுபறியை மிக அழகாகத் தீர்த்தவர்களில் ஒருவர் எஸ். நாரணன். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விண்வெளியிலிருந்து வரும் கதிர்களை ஆராய்ந்தவர். கோலங்களுக்கு அவர் கொண்டுவந்தது 1, 2, 3, 5, 8, 13 என்று முந்தைய இரண்டின் கூட்டலாக வளரும் ஃபிபொனாச்சி எண்களை.

5க்கு 5 கோலத்தை அவர் வழியில் போட்டுப் பாருங்கள். நடுப்புள்ளியைத் தனியாக விட்டுவிடுங்கள். மீதி 24 புள்ளிகளும், 2க்கு 3 அளவுள்ள நான்கு செவ்வகங்களாகக் காற்றாடி போல நடுவைச் சுற்றி நிற்கும். 2க்கும் 3க்கும் பொதுக் காரணி 1, ஆகவே ஒவ்வொரு செவ்வகமும் தானாகவே ஒரே கம்பி. நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். ஆக மொத்தம் ஐந்து கம்பிகள். ஐந்தை ஒன்றாக்க நான்கு இணைப்பு வேண்டும். நடுப்புள்ளிக்கும் அண்டைப் புள்ளிகள் நான்கே, அவை ஒவ்வொரு செவ்வகத்துக்கும் ஒன்று. அந்த நான்கு இடத்திலும் வட்டத்தையும் செவ்வகக் கம்பியையும் வெட்டிக் கடக்க விட்டால், 25 புள்ளியும் ஒரே கம்பி, நாற்புறமும் ஒரே அழகு. கணக்கு கேட்ட நான்கும் கண் கேட்ட நான்கும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. இதை முதன்முதலில் காகிதத்தில் சரிபார்க்கும்போது வரும் சந்தோஷத்தை யாரும் தவறவிடக் கூடாது. 13க்கு 13 கோலத்தையும் இதே போலக் காற்றாடியாகப் பிரிக்கலாம்: நடுவில் 3க்கு 3, சுற்றிலும் 5க்கு 8 நான்கு.

ஒவ்வோர் இடைவெளியிலும் வெட்டிக் கடப்பதா, விலகிப் போவதா என்ற இரண்டு வாய்ப்பை மட்டும் வைத்துக்கொண்டாலே எண்ணிக்கை மலைக்க வைக்கும். 3க்கு 3 புள்ளியில் 12 இடைவெளி, 4,096 கோலம். தினம் ஒன்றாகப் போட்டாலும் பதினோரு ஆண்டு ஓடும். 4க்கு 4 என்றால் 24 இடைவெளி, 1,67,77,216 கோலம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 1.85 கோடிக் குடும்பங்கள். பதினாறே புள்ளியை வைத்துக்கொண்டு, ஒரே காலையில், மாநிலத்தின் பெரும்பாலான வாசல்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாமல் போட்டுவிடலாம். 5க்கு 5 என்றால் ஒரு லட்சம் கோடியையும் தாண்டும். நிமிடத்துக்கு ஒன்று என்று தூங்காமல் போட்டால் இருபது லட்சம் ஆண்டு. திருப்பிப் பார்த்தால் ஒன்றுபோல் இருப்பவையும் துண்டுதுண்டாகச் சிதறுபவையும் இதில் அடக்கம். அழகானவை கொஞ்சம்தான். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் தேடித் தேடி எடுத்து வைத்தது அந்தக் கொஞ்சத்தை.

எழுபதுகளில் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இந்த வாசல் கணக்கு ஆய்வுக்கூடத்துக்குப் போனது. புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, கணிதவியலாளர் ராணி சிரோமணி, இவர்களோடு கமலா கிருதிவாசன். மொழியின் வாக்கியங்களைச் சில விதிகளால் பிறப்பிக்கலாம் என்று மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி காட்டியிருந்தார். வாக்கியம் ஒரே வரியில் ஓடுவது. நீளமும் அகலமும் உள்ள படத்துக்கு இலக்கணம் எழுத முடியுமா என்று இவர்கள் கேட்டார்கள். அதற்கு எடுத்துக்காட்டாக வந்தது கோலம். இத்தகைய பட இலக்கணங்களையும் கோலத்தையும் பற்றிய இவர்கள் கட்டுரை 1974இல் கணினி வரைகலைக்கான பன்னாட்டு இதழில் வெளியானது. ஒரு சிறிய துண்டு, அதை எப்படிப் பெரிதாக்குவது என்று ஒரு சில விதி, அவ்வளவிலேயே எவ்வளவு பெரிய கோலத்தையும் பிறப்பிக்கலாம். கம்பிக் கோலத்தை அவர்கள் கையின் அசைவுகளாகவும் பிரித்து எழுதினார்கள்: நேரே போ, வலப்பக்கம் அரைச்சுற்று, இடப்பக்கம் முழுச்சுற்று. கோலம் போடும் கை மனசில் வைத்திருப்பதும் இந்த மாதிரியான ஓட்டத்தைத்தான்.

கதை அங்கே நிற்கவில்லை. அரிஸ்டிட் லிண்டன்மாயர் என்ற உயிரியலாளர் பாசியும் செடியும் கிளைக்கும் விதத்தை விவரிக்க 1968இல் ஒரு மாற்றியெழுதும் விதிமுறையை உருவாக்கியிருந்தார். எண்பதுகளில் பிரிஸெமிஸ்லாவ் புருசின்கியெவிச் அதை வைத்துக் கணினித் திரையில் செடிகளையும் வளைகோடுகளையும் வரைந்தபோது, கோலமும் அதே விதிகளுக்குள் வந்து உட்கார்ந்தது. கிருஷ்ணரின் கொலுசு என்ற கோலத்துக்கு ஒரே விதி போதும். ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டு தன்னைப் போன்ற நான்கு துண்டாகும். நான்கு பதினாறாகும், பதினாறு அறுபத்து நான்காகும், கம்பி மட்டும் ஒன்றாகவே இருக்கும். வயலில் பயிர் தூர் கட்டிக் கிளைப்பதும் வாசலில் கோடு விரிவதும் ஒரே வகை இலக்கணத்தில் எழுதக்கூடியவை.

தரையில் புள்ளி வைத்து முனையில்லாக் கோடு போடுவது நம்மோடு மட்டும் நிற்பதல்ல. அங்கோலாவின் சொக்வே மக்கள் மணலில் விரலால் புள்ளிவைத்துக் கோடு இழுத்துக் கதை சொல்வார்கள். மொசாம்பிக் கணிதவியலாளர் பவுலஸ் கெர்டஸ் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார், பொதுக் காரணி விதி அங்கேயும் அப்படியே நிற்கிறது. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் மணல் ஓவியம் யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அவர்கள் விரலால் மணலைக் கீறுகிறார்கள். நாம் உணவைத் தூவுகிறோம். அங்கேதான் இன்னோர் உயிர் உள்ளே வருகிறது.

ஒரு முழு அரிசியின் எடை ஏறக்குறைய இருபது மில்லிகிராம். வாசலில் ஓடும் சிற்றெறும்பின் எடை ஒரு மில்லிகிராமைத் தாண்டாது. முழு அரிசியை அது தனியாக இழுப்பது பெரும்பாடு. கோலத்துக்கு அரைத்த மாவின் கொரகொரத் துகளோ ஒரு மில்லிகிராமில் நூற்றில் சில பங்குதான், ஓர் எறும்பு வாயில் கவ்விக்கொண்டு ஓடும் சுமை. இருபது கிராம் மாவில் ஒரு கோலம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய ஐந்து லட்சம் சுமை. அதையும் குவியலாக வைக்காமல் பல மீட்டர் நீளத்துக்கு மெல்லிய கோடாக இழுத்துவிடுவதால் நூற்றுக்கணக்கான எறும்புகள் ஒன்றையொன்று முட்டாமல் ஒரே நேரத்தில் பந்தியில் உட்காரலாம். அணிலும் குருவியும் தங்கள் பங்குக்கு வரும். இன்று கடையிலும் தள்ளுவண்டியிலும் விற்கும் கோலமாவு பெரும்பாலும் கல்மாவு. விலை மலிவு, சரசரவென்று விழும், வெள்ளையும் பளிச்சென்று இருக்கும். எறும்புக்கு அதில் ஒன்றுமே இல்லை. தினசரி இல்லாவிட்டாலும், மார்கழியின் முப்பது நாளாவது அரிசிமாவில் போட வேண்டும் என்பது என் ஆசை.

கோலத்தின் நடுவில் சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூவுக்கும் ஒரு கணக்கு உண்டு. பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு, இரண்டும் ஒரே கொடியில். ஆண்பூக்களே அதிகம் பூக்கும், அவை காய்ப்பதில்லை. பெண்பூவின் அடியில் குட்டிக் காய் போலப் புடைத்திருக்கும், ஆண்பூ நீளக் காம்பில் வெறுமனே நிற்கும். தேனீக்களுக்குச் சிலவற்றை விட்டுவிட்டு ஆண்பூவைப் பறித்தால் சமையலுக்கு வரும் காயில் ஒன்றும் குறையாது. பூ விரிவதும் விடியலில்தான், வெயில் ஏறினால் வாடிவிடும். கோலத்தின் நேரமும் பூவின் நேரமும் ஒன்றே. தேவர்கள் தேனீ வடிவில் வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் மதுவனேஸ்வரர் கோயில் நன்னிலத்தில் இருப்பதால், தேனீக்கு விட்டுவைக்கும் பூவைப் பற்றி இந்த ஊரில் சொல்வது இன்னும் பொருத்தம்.

கை கோட்டைப் பழகுவதே இங்கே அரிசியிலும் நெல்லிலும்தான். நன்னிலம் வட்டத்தில் பூந்தோட்டத்தை ஒட்டியுள்ள கூத்தனூர் சரஸ்வதி கோயிலில், விஜயதசமியன்று குழந்தைகளின் விரலைப் பிடித்துப் பரப்பிய தானியத்தில் முதல் எழுத்தை எழுதவைப்பார்கள். ‘அ’வின் சுழியும் சிக்குக் கோலத்தின் சுழியும் ஒரே மணிக்கட்டு அசைவு. அந்தக் குழந்தைகளில் பலர் சில வருடத்தில் அம்மாவின் கோலத்துக்கு ஓரத்தில் புள்ளி வைக்கத் தொடங்குவார்கள், பிறகு தனிக் கோலம், பிறகு தனி நோட்டு.

அந்த நோட்டுகள் கடல் கடந்தும் போயிருக்கின்றன. 2020 நவம்பரில் கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில், இதே திருவாரூர் மாவட்டத்தில், அவரை வாழ்த்திப் பெண்கள் தெருவில் கோலமிட்டார்கள். 2021 ஜனவரியில் நடந்த அவருடைய பதவியேற்பை ஒட்டி, அமெரிக்காவில் மேரிலாந்து ஓவியர் சாந்தி சந்திரசேகர் உள்ளிட்டோர் ஒரு கூட்டுக் கோலத்துக்கு அழைப்பு விடுத்தார்கள். கொரோனா காலம், ஒன்றுகூட முடியாது. அதனால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவரவர் வீட்டில் சதுரத் துண்டுகளில் தனித்தனிக் கோலம் போட்டு அனுப்ப, அவை ஒரே பெரிய கோலமாக இணைந்தன. தமிழே அறியாதவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. சதுரம் சதுரமாகப் பிரித்துச் சேர்ப்பது கோலத்துக்கு இயல்பிலேயே வரும். மேலே பார்த்த 5க்கு 5 கோலமும் அப்படித்தானே, தனித்தனியாக முடிந்த ஐந்து துண்டு, நான்கு கைகோர்ப்பு. சென்னையில் ஆண்டுதோறும் ஜனவரியில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப் போட்டியிலும், ஆளுக்கொரு கட்டம் என்று பிரித்துக் கொடுத்த தார்ச்சாலை ஒரே மணி நேரத்தில் வெள்ளையாகிவிடும்.

உங்கள் வாசலுக்கு ஒன்று. குறுக்கே 9, நெடுக்கே 6, நேர்ப்புள்ளி. பொதுக் காரணி 3, ஆகவே மூன்று கம்பி வரும். ஒன்றாக்க இரண்டு விலகல் வேண்டும். மேல் வரிசையில் முதல் புள்ளிக்கும் இரண்டாம் புள்ளிக்கும் நடுவே வெட்டாமல் விலகுங்கள். அதே வரிசையின் மறுகோடியில், எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவேயும் அப்படியே. மீதி எல்லா இடத்திலும் நேராக வெட்டிக் கடந்து போங்கள். முதல் புள்ளிக்கு மேலே தொடங்கிய கோடு 54 புள்ளியையும் சுற்றிவிட்டு அதே இடத்தில் வந்து மூடிக்கொள்ளும், இடமும் வலமும் அச்சு மாறாமல்.